இல்லாத இரண்டரை மணி

கூட்டம் போட்டு முடிவு செய்தது இவ்வளவுதான்:
இரவு இரண்டரைக்கு எங்கள் இயந்திரம் போய்
அவர்கள் திட்டக் கோப்பை எடுத்துவரும்.
மூன்றுக்கு எங்களுடையதை அங்கே வைக்கும்.
விலை போகாது. ஆள் பெயர் போகாது.
வேலையின் எண், தொடக்கம், முடிவு,
எதற்குப் பின் எது.

கிளைபேடாவில் அவர்கள் உத்தரங்களுக்கு வெல்டிங் வைக்கிறார்கள்.
மோல்டேவுக்கு மேற்கே, கடல் நுழைந்த பள்ளத்தாக்கின் மேல்
நாங்கள் பாலம் கட்டுகிறோம்.
நடுவில் இரண்டு கடல், ஒரு மணி நேரம்.

முதல் மாதம் முழுக்க ஒரே சொல்லின் மேல் சண்டை.
‘முடிந்தது’ என்று ஸ்கைட்ரே எழுதினால்
கடைசித் தீப்பொறி அணைந்தது என்று பொருள்.
அதையே நான் படித்தால்
பெயின்ட் காய்ந்து, லாரி ஏறி, கப்பல் ஏறி
எங்கள் கரையில் இறங்கிவிட்டது என்று பொருள்.
ஒரு சொல்லுக்குள் பதினொரு நாள் ஒளிந்திருந்தது.
அதற்கொரு கட்டம், இதற்கொரு கட்டம் என்று பிரித்தோம்.

அவர்களுக்கு ஜூன் இருபத்து நான்கு விடுமுறை,
நெருப்பு மூட்டி ஆற்றில் பூவளையம் விடுவார்களாம்.
எங்களுக்கு மே பதினேழு, கொடி, ஊர்வலம், ஐஸ்கிரீம்.
சொல்லாமல் விட்டிருந்தால்
இயந்திரம் அந்த இரண்டு நாளும்
எல்லோரையும் வேலைக்கு அனுப்பியிருக்கும்.

குறிப்பு என்று ஒரு கட்டம் மிஞ்சியது. நாற்பது எழுத்து.
அதற்கு யாரும் வேலை கொடுக்கவில்லை.

பிறகு ஏழு மாதம் ஒன்றும் நடக்கவில்லை.
எங்கள் தொழிலில் வெற்றி என்பது அதுதான்.
காலையில் வருவேன், பச்சை விளக்கு, காப்பி.

மார்ச்சின் கடைசி ஞாயிறு,
நாடே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளும் இரவு.
ஒன்று ஐம்பத்தொன்பது. அடுத்தது மூன்று.
இரண்டரை வரவே இல்லை.
இயந்திரம் காத்திருந்திருக்கும் என்று சொல்ல ஆசைதான்.
இல்லை, அது எதற்கும் காத்திருப்பதில்லை.
மூன்றுக்கு எங்கள் கோப்பு மட்டும் ஒழுங்காகப் போனது,
பழைய தேதியே சரி என்று சொல்லிக்கொண்டு.

பச்சை விளக்கு.
நடக்காத ஒன்று எப்படித் தோற்கும்?

காலை ஆறுக்கு மிதக்கும் கிரேன்
ஸ்டவாங்கரிலிருந்து கிளம்பியது,
ஒன்பது நாள் கழித்து வரப்போகும் உத்தரத்தைத் தூக்க.

ஒட்வார் தொலைபேசியில் கத்தவில்லை.
கத்தியிருக்கலாம்.
கிரேனின் ஒருநாள் வாடகையை மெதுவாக,
ஒவ்வொரு சுழியமாகச் சொன்னார்.

எடுக்கப்படாத கோப்பைத் திங்களன்று கையால் திறந்தேன்.
ஆயிரத்து நூற்று நாற்பதாம் வரி.
தேதி தள்ளியிருந்தது.
பக்கத்தில், யாரும் வேலை கொடுக்காத கட்டத்தில்:
“குளிர். பெயின்ட் காயவில்லை. மன்னிக்கவும்.”

எங்கள் பக்கம் அந்தக் கட்டத்தை
எதனோடும் இணைக்கவில்லை.
வாசலிலேயே உதிர்ந்துவிடும்.

பழைய கோப்புகளைத் திறந்தேன், ஒவ்வொன்றாக.
“சாலையில் பனி, லாரி நாளைதான்.”
“கிரேன் ஓட்டுநருக்குக் காய்ச்சல்.”
“இந்த மூட்டு அழகாக வந்திருக்கிறது, பாருங்கள்.”
டிசம்பரில், ஆள் பெயர் போகாது என்ற விதியை மீறி,
“வீகன்டாஸுக்கு மகள்!”
ஏழு மாதம்.

நேரத்தை ஒன்றேகாலுக்கு மாற்றிவிட்டோம்.
அக்டோபரில் இரண்டரை இரண்டு முறை வந்திருக்கும்,
அது இப்போதுதான் உறைத்தது.

நேற்று எங்கள் கோப்பில்,
தூண் நான்கு, கான்கிரீட் என்ற வரியின் ஓரத்தில்
நானும் ஏதோ எழுதினேன்.
எண்ணி, அழித்து, மறுபடி எண்ணி,
முப்பத்தெட்டு எழுத்து.

அந்தக் கட்டத்தை அவர்கள் பக்கம்
யாராவது இணைத்திருக்கிறார்களா,
கேட்கவில்லை.